காதலாவது கத்தரிக்காயாவது - டேங்கோ பாட்டுகளை முன்வைத்து

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா ஆணி மட்டுமே காரணம்னு சொன்னா அது பொய். என் மூஞ்சில நானே பூசிக்கிட்ட கரியைத் துடைக்கக் கொஞ்சம் நாள் ஆச்சு.

போன பதிவு ஞாபகம் இருக்கா? டேங்கோ பாட்டுகளைப் பத்தி உருகி உருகி எழுதியிருந்தேன். அதுலயும் 1926-ல் வந்த 'நோச்சே தே ரேயெஸ்'ங்கற பாட்டைக் குறிப்பா சொல்லி, "மொழி புரியாட்டா என்ன சார், மனசைப் பிசையுதே, இதுதான் காதல்"னு ஒரே பில்டப். அந்தப் பாட்டு ரெண்டு மாசம் என் ரிங்டோனா வேற இருந்துச்சு. "என்னடா பாடறான் இந்த ஆளு, அழுவறாப்புல?"ன்னு அம்மா கேட்டதுக்கு, "காதல் பாட்டும்மா. பொண்டாட்டியை நெனச்சுப் பாடறான்"னு எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரம் மாதிரி பதில் சொன்னேன்.

ஒரு வகையில் நான் சொன்னது சரிதான். பொண்டாட்டியை நினைத்துத்தான் பாடுகிறான். கொன்ற பிறகு.

இது எனக்குத் தெரிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்க ப்ராஜெக்ட்ல புவெனஸ் ஐரிஸில் இருந்து வேலை பார்க்கும் ஒரு அம்மணி இருக்காங்க. ஒரு நாள் கால் முடிஞ்சு மத்தவங்கல்லாம் போனப்புறம், "உங்க ஊர்ப் பாட்டுதான் என் ரிங்டோன்"னு பீத்திக்கிட்டே போட்டுக் காமிச்சேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வரிகள் என்னன்னு தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். அவங்களே ஒவ்வொரு அடியா சொல்ல ஆரம்பிச்சாங்க.

தலைப்புக்கு 'ராஜாக்கள் இரவு'ன்னு அர்த்தம். ஜனவரி 6-ம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள். அதற்கு முந்தின ராத்திரி அர்ஜென்டினாவில் பிள்ளைகள் தங்கள் ஷூவை வெளியே வைத்துவிட்டுத் தூங்கும். காலையில் அதில் பரிசு இருக்கும். பாட்டில் வருகிறவன் தன் மனைவியைக் கூடப்பிறந்தவன் மாதிரி நம்பிய நண்பனோடு பார்த்துவிடுகிறான். இரண்டு பேரையும் இரக்கமே இல்லாமல் கொல்கிறான். கடைசியில் சொல்கிறான்: இன்னைக்கு ராஜாக்கள் திருநாள், பையன் சின்ன ஷூவை வெளியே வச்சிருக்கான், பரிசுக்குக் காத்திருக்கான், துரோகியான அவன் அம்மாவை அப்பாவே கொன்னுட்டான்னு அவனுக்குத் தெரியாது.

இதுதான் சாமி நான் ரெண்டு மாசம் ரிங்டோனா வச்சிருந்த 'காதல் பாட்டு'.

அன்னைக்கே போன பதிவுக்குக் கீழ உண்மையை நாலு வரியில் சேர்த்தேன். அவ்வளவுதான், பின்னூட்டத்துல பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க. அண்ணன்மார்கள், நண்பர்கள், வழக்கமான அனானிகள்னு எல்லாரும் வந்து எனக்கு ரசனை சொல்லிக் கொடுத்தாங்க. நூறு பின்னூட்டத்தையும் வடிகட்டினா மிஞ்சறது நாலே வாதம்தான். நாலுக்கும் இங்கே பதில் சொல்லிடறேன். யாருக்கும் உள்குத்து இல்லை. எல்லாம் நேர்க்குத்துதான் :-)

வாதம் 1: இசைக்கு மொழி ஏது? ட்யூனைக் கேட்டோமா, போனோமான்னு இரு.

போன பதிவுல நானே அடிச்ச ஜல்லிதான் இது. அதனால் உரிமையோடு மறுக்கிறேன்.

வயலின் மட்டும் வாசித்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் டேங்கோ பாட்டு என்ற சமாச்சாரமே வார்த்தையால் பிறந்தது. அதற்கு முன்பும் டேங்கோவுக்கு வார்த்தைகள் இருந்தன; பெரும்பாலும் வெட்டி வீறாப்பும் விரசமும். சாமுவேல் காஸ்த்ரியோத்தா போட்டு வைத்திருந்த ஒரு மெட்டுக்குப் பாஸ்குவல் கொன்தூர்சி சொந்தமாக வரிகள் எழுதினார். 1917-ல் கார்லோஸ் கார்தெல் அதை 'மி நோச்சே திரிஸ்தே' என்று பாடினார். காதலி விட்டுவிட்டுப் போன அறையில் ஒருவன் தனியாக உட்கார்ந்து அழுகிறான். அங்கேதான் டேங்கோ கதை சொல்ல ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இசைத்தட்டும் மூணு நிமிஷ நாடகம்.

கார்தெலின் திறமையே அந்த நாடகத்தில்தான் இருக்கிறது. எந்த வார்த்தையில் குரலை இறக்கணும், எங்கே ஒரு மூச்சு நிறுத்தணும் என்பதெல்லாம் அர்த்தத்தைப் பார்த்துச் செய்தது. 'வார்த்தையை விட்டுத்தள்ளு' என்று சொல்பவர் கார்தெலுக்கு மரியாதை செய்யவில்லை. அவர் உசிரைக் கொடுத்துச் சொன்ன சேதியைக் காதில் வாங்காமல், "நல்லா சவுண்டு விடறாம்ப்பா"ன்னு பாராட்டுகிறார்.

வாதம் 2: அளவுக்கு மீறின காதல்தான் கொலையில முடியுது. அதுவும் காதல்தானே.

நான் முக்கியமாகச் சண்டை போட வந்தது இதோடுதான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மணி இன்னும் சில பாட்டுகளின் பெயரைக் கொடுத்தாங்க. தேடிப் பிடிச்சு, அகராதியை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாப் படிச்சேன். இந்தப் பாட்டுகளில் காதலைத் தேடிப் பாருங்கள் என்றுதான் உங்களையும் கேட்கிறேன்.

1927-ல் வந்த 'ஆ லா லூஸ் தெல் கந்தில்'. விளக்கு வெளிச்சத்தில் என்று அர்த்தம். ஒரு கிராமத்து ஆள் ரொசாரியோ நகரத்துப் போலீஸ் அதிகாரி முன்னால் வந்து நிற்கிறான். நான் குடிகாரன் இல்லை, மாட்டுத் திருடன் இல்லை, மானமுள்ளவன், ஆனால் கொலைகாரன் என்கிறான். அவன் வெளியூர் போயிருந்தபோது அவன் பெண்ணும் நண்பனும் ஏமாற்றினார்களாம். ஆதாரம் பையில் இருக்கிறதாம். அவளுடைய சடை. அவனுடைய இதயம்.

கவனியுங்கள், அவன் முதலில் தாக்கல் செய்வது தன் நன்னடத்தைச் சான்றிதழை. அவள் எப்படிப்பட்டவள், எப்படிச் சிரிப்பாள், எதற்காக அவளைக் காதலித்தான் என்று ஒரு சொல் கிடையாது. இருப்பதெல்லாம் 'நான் யார் தெரியுமா' மட்டுமே.

அடுத்து 1930-ன் 'திசென் கே திசென்'. தமிழ்ல 'சொல்றாங்களாம்'னு வச்சுக்கலாம். ஒருத்தன் தன்னை விட்டுப்போன பெண்ணைக் கண்டுபிடிச்சு, பயப்படாதே, பக்கத்துல வா, ஒரு கதை சொல்றேன்கிறான். ஊர்ல சொல்றாங்களாம், ஒரு பொண்ணு இருந்தாளாம், உன்னை மாதிரி. ஒரு நல்லவன் இருந்தானாம், என்னை மாதிரி. அவன் வேலையா வெளியே போன ராத்திரி அவ இன்னொருத்தனோட போயிட்டாளாம். அவன் தேடினானாம், நான் தேடின மாதிரி. கண்டுபிடிச்சு அவ கழுத்தை நெரிச்சானாம், இதோ நான் நெரிக்கிற மாதிரி. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், யாரையும் கூப்பிடாதீங்க, ஒரு கதைதான் சொன்னேன் என்கிறான்.

முதல் தடவை படிச்சப்போ முதுகுத்தண்டு சில்லிட்டுப் போச்சு. எழுதின ஆள் சாதாரண ஆள் இல்லை, ஒத்துக்கறேன். ஆனால் அந்தத் தலைப்பைப் பாருங்கள். 'சொல்றாங்களாம்.' யார் சொல்றாங்க? தெருவில் உள்ளவர்கள். கொலைக்கான காரணமே அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. அவள் போய்விட்டாள் என்பதை விட, அவள் போனதை நாலு பேர் பேசுகிறார்கள் என்பதுதான் அவனைத் தின்றது.

சந்தேகமா? அதே 1930-ல் 'தோர்தாசோஸ்'னு ஒரு மிலோங்கா. மிலோங்கா என்பது டேங்கோவுக்குத் தங்கச்சி முறை. பணக்காரனோடு போய்ப் பெரிய மனுஷி ஆகிவிட்ட பழைய காதலியைத் தெருவில் பார்த்தவன், உன்னை அறைந்து நொறுக்கியிருப்பேன், நடுத்தெருவில் அடிக்க வேண்டாமே என்றுதான் விடுகிறேன் என்கிறான். அடிப்பதற்கும் தெரு, அடிக்காமல் விடுவதற்கும் தெரு. அவள் எங்கே இருக்கிறாள் இந்தக் கணக்கில்?

எல்லாவற்றுக்கும் சிகரம் 'அமாப்ளெமெந்தே'. இவான் தியேஸ் எழுதிய கவிதை. பிற்பாடு எட்முந்தோ ரிவேரோ மெட்டமைத்துப் பாடினார். தலைப்புக்கு அர்த்தம் 'அன்பாக', 'பதவிசாக'. தன் பெண்ணை இன்னொருத்தனோடு பார்க்கும் கதாநாயகன் கோபமே படாமல் அந்த ஆளிடம், நீங்க கிளம்பலாம், இந்த மாதிரி விஷயத்துல ஆம்பளை மேல தப்பு இல்லைன்னு சொல்லி அனுப்பி வைக்கிறான். அப்புறம் செருப்பை மாத்திக்கிட்டு, மாத்தே கஷாயம் போடச் சொல்லிக் குடிக்கிறான். அது நம்ம காபி மாதிரி அவங்களுக்கு. சிகரெட்டை ரசிச்சு இழுத்துக்கிட்டு ஊர்க்கதை பேசறான். நெத்தியில முத்தம் குடுக்கறான். ரொம்பப் பதவிசா 34 குத்து குத்தறான்.

இதைத் தமாஷ் பாட்டாகக் கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. எனக்கும் அந்தப் பதவிசு வந்தப்போ சிரிப்பு வந்தது, மறைக்கலை. ஆனால் 'காதல் மிகுதி' கட்சிக்கு இதைவிடப் பெரிய ஆப்பு கிடையாது. காதல் பொறாமையில் கண் மண் தெரியாமல் பாய்ந்திருந்தால் கத்தி அந்த ஆள் மேலயும் பாய்ந்திருக்கணும். அவனோ ஆம்பளைக்கு ஆம்பளை சமாதானமாகிவிட்டான். 34 குத்தும் அவளுக்கு. இது இரண்டு ஆண்கள் தங்களுக்குள் நேர் செய்துகொண்ட கணக்கு. அவள் அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் நோட்டு.

இந்தப் பாட்டுகளில் 'மானம்' என்று பேசப்படுவது இதைத்தான். நோச்சே தே ரேயெஸ்காரனே தன் வாயால் சொல்கிறான், தன்மானம் புண்பட்டதால் பழி தீர்த்தேன் என்று. காதல் புண்பட்டதால் என்று அவனே சொல்லவில்லை. குற்றவாளியே தராத வக்காலத்தை நீங்கள் ஏன் வாங்குகிறீர்கள்?

பாட்டு எழுதியவர்கள் ஆகாயத்திலிருந்து இதை எடுக்கவில்லை என்பதையும் சொல்லணும். 1921-ல் இயற்றின அர்ஜென்டினா தண்டனைச் சட்டத்தில் 'கடும் உணர்ச்சிவேகம்' என்று ஒரு பிரிவு. சூழ்நிலை மன்னிக்கத்தக்கதாக இருந்தால், அந்த வேகத்தில் கொன்றவனுக்குத் தண்டனை பலமடங்கு குறைந்து, ஒன்றிலிருந்து மூன்று வருடச் சிறை வரைக்கும்கூட இறங்கலாம். அதே சட்டத்தில் கள்ள உறவு குற்றம். மனைவி ஒரு தரம் தவறினாலே குற்றம். கணவனோ தனியாக ஒருத்தியை வைத்துக்கொண்டிருந்தால்தான் குற்றம். இந்தப் பாரபட்சம் சட்டப் புத்தகத்தை விட்டுப் போனது 1995-ல். பெரோன் காலத்தில் 1954-ல் வந்த விவாகரத்து சீக்கிரமே நிறுத்தப்பட்டு, 1987-ல்தான் நிலையான சட்டமானது. பிடிக்காத கல்யாணத்திலிருந்து நேர்வழியில் வெளியே வர ஒரு பெண்ணுக்குக் கதவே கிடையாது. குறுக்குவழியில் போனால் கத்தி. ரொசாரியோ போலீஸ் ஸ்டேஷனில் அந்த ஆள் ஏன் நன்னடத்தையில் ஆரம்பித்தான் என்று இப்போது புரிகிறதா? அது பாவமன்னிப்பு மாதிரித் தெரிகிற மனு. 'சூழ்நிலையைப் பாருங்க ஐயா' என்கிற மனு.

வாதம் 3: அந்தக் காலம் அப்படி. இந்தக் காலத்துக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்காதே.

சரி, கழட்டிட்டேன். அந்தக் காலத்துக் கண்ணாடியையே போடுவோம்.

1917-ல் மி நோச்சே திரிஸ்தே: விட்டுப் போனாள், அழுகிறான். யாரையும் குத்தவில்லை. 1923-ல் செலெதோனியோ ஃப்ளோரெஸ் எழுதிய 'மானோ ஆ மானோ': அவள் வசதியானவனைத் தேடிப் போய்விட்டாள். இவன் கணக்கு நேராகிவிட்டது, பாக்கி ஏதும் இல்லை என்கிறான். குத்தல் இல்லாமல் இல்லை, நிறைய இருக்கிறது. ஆனாலும் நாளைக்கு வயசாகி யாரும் இல்லாமல் நிற்கும்போது உதவி வேண்டுமானால் இந்த நண்பனை நினைத்துக்கொள் என்று முடிக்கிறான். எனக்குத் தெரிந்து மானமுள்ளவன் என்றால் இவன்தான்.

1928-ல் 'மலெவாஹே'. எழுதினவர் என்ரிக்கே சாந்தோஸ் திசெபோலோ. பேட்டை ரவுடி ஒருத்தன் காதலில் விழுந்துவிடுகிறான். சண்டை என்று வந்தால் செத்துப்போய்விடுவோமோ, ஜெயிலுக்குப் போய்விடுவோமோ, அவளைப் பார்க்க முடியாதோ என்று பயந்து ஓடியே வந்துவிடுகிறான். கூட்டாளிகள் பேய் முழி முழிக்கிறார்கள். இனி கோயிலுக்குப் போய் முழங்கால் போடுவதுதான் பாக்கி என்று புலம்புகிறான். காதல் வந்தால் கத்தி கீழே விழும் என்று அந்தக் காலத்துக்காரர் ஒருத்தரே எழுதிவைத்திருக்கிறார் சார்!

அடுத்த வருஷம் அதே திசெபோலோ 'விக்தோரியா' எழுதினார். பொண்டாட்டி ஓடிப்போயிட்டா, அப்பாடா, ஜெயிச்சுட்டேன்னு ஒருத்தன் குதிக்கிறான். மானம் பார்த்தவங்களை இதைவிட யாரும் கேவலப்படுத்த முடியாது. (திசெபோலோவுக்கும் கோயில் கட்ட வேண்டாம். அவருடைய 'கொன்ஃபெசியோன்' கதாநாயகன், தன் வறுமையிலிருந்து அவளைக் காப்பாற்ற அவள் தன்னை வெறுக்கும்படி அடிக்கிறான். தியாகம் செய்வதற்கும் கை நீள்கிறது!)

இதே ஊர், இதே வருஷங்கள். 'ராஜாக்கள் இரவு'ம் பாடி, 'மலெவாஹே'யும் பாடினது ஒரே கார்தெல். அப்புறம் 'காலம்' மேல எப்படிப் பழி போடறது? அழலாம், கணக்கை முடிச்சுக்கலாம், ஓடலாம், சிரிக்கலாம், கொல்லலாம். எல்லா வழியும் அன்றைக்கே தெரிந்திருந்தது. கொல்கிற வழியை எடுத்தவனைக் காலம் தள்ளிவிடவில்லை. அவனே நடந்து போனான்.

இன்னொன்று. 'திசென் கே திசென்' கதைக்கு ஒரு பெண் பதில் சொன்னால் எப்படி இருக்கும்? 1955-ல் 'மெர்காதோ தே அபாஸ்தோ' படத்தில் தீத்தா மெரெலோ 'சே தீசே தே மி' பாடுகிறார். என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். அசிங்கமாம், நடை சரியில்லையாம், பேசட்டுமே என்று சிரிக்கிறார். அதே தெரு, அதே வம்பு. ஒருத்தன் அதைக் கேட்டுக் கழுத்தை நெரித்தான். ஒருத்தி அதைப் பாட்டாக்கி ஊரையே ஆட வைத்தாள்.

வாதம் 4: அப்போ தடை பண்ணிடலாமா? போலீஸ்காரன் மாதிரி பேசறியே.

ஐயோ, வேண்டாம். அங்கே அதையும் பண்ணிப் பார்த்தாச்சு. 1943-க்குப் பிறகு ராணுவ ஆட்சி வானொலி டேங்கோக்களைக் கழுவி மொழுக ஆரம்பித்தது. லுன்ஃபார்தோ என்கிற பேட்டை பாஷையை எடுத்துவிட்டுப் பழைய பாட்டுகளுக்குக் கூட வேறு வரி போட வைத்தார்கள். ஒழுக்கம் என்று வந்தவர்களுக்கு ஏழையின் பேச்சுதான் பெரிய உறுத்தல். தடை கேட்பவன் கையில் கத்தரியைக் கொடுத்தால் இப்படித்தான் வெட்டுவான்.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். கேளுங்கள். ஆடுங்கள். 2009-ல் யுனெஸ்கோ டேங்கோவை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது, சேர்க்கட்டும், தகுதியானதுதான். ஆனால் கொலைப் பாட்டைக் காதல் பாட்டு என்று சொல்லாதீர்கள். பெயரை மாத்திச் சொன்னா என்னய்யா ஆயிடும்னு ஒரு அனானி கேட்டிருந்தார். ஆகும். நம்மூரில் சாதிக்காகப் பெற்ற பிள்ளையைக் கொல்வதை ரொம்ப நாள் 'கௌரவக் கொலை'ன்னே எழுதினோம். இதுல கௌரவம் எங்கே இருக்குன்னு கேட்டு, 'ஆணவக் கொலை'ன்னு மாத்தினோம். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அது சாதி, இது வேறு. ஆனால் கொன்றவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரையே நாமும் சொன்னால் அவன் பக்கம் பாதி சாய்ந்துவிட்டோம் என்பது இரண்டுக்கும் பொது.

அர்ஜென்டினாக்காரர்களும் அந்த வேலையைத்தான் செய்தார்கள். 2012-ல் சட்டத்தைத் திருத்தி, பெண் என்பதால் நடக்கும் கொலைக்கு ஆயுள் தண்டனை வைத்தார்கள். 2015 ஜூன் 3-ம் தேதி 'நி உனா மேனோஸ்' என்று தெருவுக்கு வந்தார்கள். இனி ஒருத்தி கூடக் குறையக் கூடாது என்று அர்த்தம். அந்த அம்மணியும் போயிருந்தாங்களாம். "உங்களுக்கு இந்தப் பாட்டுகளைக் கேட்டா கோவம் வராதா?"ன்னு கேட்டேன். "எங்க தாத்தா சவரம் பண்ணும்போது பாடுவார். எப்படி வெறுக்கறது? ஆனா இப்போ வரியும் சேர்ந்து கேக்குது"ன்னாங்க.

எனக்கும் அதேதான். நோச்சே தே ரேயெஸை நான் அழிக்கலை. ரிங்டோன்ல இருந்து தூக்கிட்டேன், அவ்வளவுதான். தனியா உட்கார்ந்து கேட்கும்போது அது இன்னமும் மனசைப் பிசையுது. அந்தச் சின்ன ஷூவைக் கடைசியில் கொண்டு வந்து வைத்தவர், பாடுகிறவன் பக்கம் மட்டும் நின்று எழுதினார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் அவளைத் துரோகி என்று திட்டிக்கொண்டே இருக்கிறான். ஷூ வாசலில் இருந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. வரியைத் தெரிந்துகொண்டால்தான் இதுவும் தெரியும்.

போன வாரம் அம்மாகிட்ட, "அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேம்மா"ன்னு முழுக்கதையும் சொன்னேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டாங்க. மானம், பழி, நண்பனோட துரோகம் எதையும் பத்திப் பேசலை.

"அந்தப் பையனை அப்புறம் யாருடா வளர்த்தாங்க?"

பாட்டுல அது இல்லைம்மா.

பி.கு: 'காதலிச்சவனுக்குத்தான் அந்த வலி தெரியும்' வகைப் பின்னூட்டங்கள் வரும்னு தெரியும். தாராளமா வாங்க. ஆனா போடறதுக்கு முன்னாடி மலெவாஹேவை ஒரு தரம் வரியோட கேட்டுட்டு வாங்க. அவனும் காதலிச்சவன்தான்.